பெயர் மாற்றிய வெள்ளிக்கிழமை

எங்கள் குடும்பத்தின் சோற்றில் மண் அள்ளிப் போட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் சனீஸ்வரனையோ ஜெர்மன்காரனையோ திட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடிதம் ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கைவினைத் தொழில்களைப் பதிந்து வைத்திருக்கும் சபையிலிருந்து. அதை இங்கே எல்லோரும் காம்மர் என்றுதான் சொல்லுவோம். மகன் அபிஷன் சமையலறையில் நின்றபடியே வாசிக்கத் தொடங்கினான். முதல் பக்கம் முடிந்ததும் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா, என்ன எழுதியிருக்கிறாங்கள்?"

"வேலையை நிப்பாட்டட்டாம்."

"ஆர்?"

"நாங்கள்தான், அம்மா. ரைல்ஸ் பதிக்கிற தொழில் நடத்த எனக்கு உரிமை இல்லையாம். மைஸ்டர் படிச்ச ஆளைக் காட்டட்டாம். மூண்டு கிழமை தந்திருக்கினம். இல்லாட்டி நகரசபை வந்து நிப்பாட்டுமாம்."

டோர்ட்மண்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் முப்பத்தெட்டுக் குளியலறைகளுக்கு நாங்கள் ரைல்ஸ் கல் பதித்துக்கொண்டிருந்தோம். பாதிகூட முடியவில்லை. நாலு வேலைக்காரர், நாலு குடும்பம். பக்கத்து அறையில் என் கணவர் விஜயரத்தினம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

தொழில் என்று சொன்னால் எங்களுக்கு இது ஒன்றுதான். கணவரின் தகப்பன், மாமா கதிர்காமநாதன், யாழ்ப்பாணத்தில் மேசன். தொண்ணூற்றிரண்டில் இங்கே வந்து சேர்ந்த பிறகும் அந்த மனிசன் சும்மா இருக்கவில்லை. எழுபது வயதுவரை ஜெர்மன் முதலாளிமாரிடம் ரைல்ஸ் பதித்துக் குளியலறைகளில் முழங்காலில் நின்றார். இரண்டாயிரத்து நாலில், ரைல்ஸ் வேலைக்கு மைஸ்டர் என்ற மேற்படிப்புத் தேவையில்லை என்று சட்டம் வந்தது. அந்த மாதமே கெல்சென்கிர்ச்சனில் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து, என் கணவர் தன் பெயரில் தொழிலைப் பதிந்தார். இரண்டாயிரத்து இருபதில் சட்டம் திரும்பவும் மாறியது. புதிதாகத் தொடங்குபவர்கள் மைஸ்டராக இருக்க வேண்டும். ஏற்கெனவே பதிந்தவர்கள், தொழில் தங்கள் பெயரில் இருக்கும்வரை நடத்தலாம். அந்தக் கடைசி வரியை எங்கள் வீட்டில் ஒருத்தியைத் தவிர யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஒருத்தி என் மகள் வேணுஜா. அபிஷனுக்கு நாலு வயது இளையவள், இப்போது முப்பத்திரண்டு. பள்ளிக்கூடம் முடிந்ததும் 'நான் ரைல்ஸ் வேலைக்கு அவுஸ்பில்டுங் செய்யப் போறன்' என்று வந்து நின்றாள். நான் மூன்று நாள் அழுதேன். அவள் அசையவில்லை. ஒரு ஜெர்மன்காரனிடம் மூன்று வருடம் பயிற்சி எடுத்து, சோதனை பாஸ் பண்ணி, தேர்ந்த தொழிலாளி என்று சொல்லும் கெசெல்லன் பத்திரத்தோடு இருபத்தொரு வயதில் எங்கள் தொழிலுக்கு வந்தாள். அபிஷன் வணிகம் படித்தவன். வாய் இனிப்பு, வேலை பிடித்துத் தருவதில் கெட்டிக்காரன். ஆனால் ரைல்ஸின் எந்தப் பக்கத்தில் பசை பூசுவது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவான்.

கட்டட வரைபடம் வந்தால் விரித்துப் பார்ப்பவள் வேணுஜா. குளிக்கும் இடத்தில் தண்ணீர் ஓட எவ்வளவு வாட்டம் விடுவது, எந்தச் சுவரில் தொடங்குவது, யார் எந்த மாடி, எல்லாம் அவள் சொல்லுவாள். இவரும் அவள் சொன்ன இடத்தில்தான் சாந்து பூசும் சாந்தகப்பையை எடுப்பார். இதெல்லாம் வீட்டுக்குள். வெளியே கேட்டால், மகள் 'ஒஃபிஸ் பார்க்கிறாள்'.

அப்படிச் சொல்லப் பழக்கியவள் நான். ஒரு பெட்டை சீமெந்து குழைக்கிறாள் என்று தெரிந்தால் எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் படியேறுவான்? கலியாணக் குறிப்பில் 'நிர்வாகம்' என்று எழுதினேன். யாராவது விசாரித்தால் பொய்யாகக் கூடாது என்று, அவளுடைய வேலை ஒப்பந்தத்திலும் 'அலுவலக உதவியாளர்' என்று எழுதவைத்தேன். வேலை முடிந்து ஒப்படைக்கும் படிவங்களில் இவர்தான் கையெழுத்து வைப்பார். சாப்பாடு கொண்டுபோனால் நான் எங்கள் வான் வண்டிக்குள்ளேயே இருப்பேன், அவளையும் வானுக்குள் வந்து சாப்பிடச் சொல்லுவேன். யாரும் தமிழ் ஆட்கள் பார்த்துவிடக் கூடாது பாருங்கள். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

இந்த வருடம் மாசியில் இவருக்கு நெஞ்சடைப்பு வந்தது. பிழைத்து வீட்டுக்கு வந்த கிழமை, பங்குனிக் கடைசியில் சனி மாறப்போகிறது என்றார்கள். இவர் மேஷ ராசி, ஏழரை தொடங்குகிறது. நான் சாதகக் குறிப்புகளைத் தூக்கிக்கொண்டு டோர்ட்மண்டில் இருக்கும் சாத்திரியாரிடம் ஓடினேன்.

"ஏழரை முடியுமட்டும் தொழில் இவற்றை பேரிலை இருக்கக் கூடாது, தங்கச்சி. பிள்ளையின்ரை பேருக்கு மாத்திப்போடுங்கோ" என்றார் அவர்.

பிள்ளை என்றுதான் சொன்னார். என் கைப்பையில் இருந்தவை இரண்டு குறிப்புகள். ஒன்று இவருடையது, மற்றது அபிஷனுடையது. வேணுஜாவின் குறிப்பைக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. சாத்திரியார் மேல் குற்றமில்லை, அவர் முன்னால் விரித்து வைத்ததைத்தானே பார்ப்பார்.

நாள் பார்த்து வெள்ளிக்கிழமை குறித்தோம். பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று காலை எட்டு மணிக்கு நகரசபை வாசலில் நிற்க வெளிக்கிட்டோம். வேணுஜா சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, முதல்ல காம்மரிட்டை ஒருக்காக் கேப்பம். அப்பாவின்ரை பேரை எடுத்தா..."

"நல்ல காரியத்துக்கு வெளிக்கிடேக்கை வாயை வைக்காதை!" என்று நான் சீறி விழுந்தேன்.

அவள் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு எழும்பினாள். ஒன்பது ஐம்பதுக்கெல்லாம் இவருடைய பெயர் வெட்டுப்பட்டு, அபிஷனின் பெயர் ஏறிவிட்டது. வரும் வழியில் கோயிலில் தேங்காய் உடைத்தோம். சரிபாதியாக உடைந்ததென்று சந்தோஷப்பட்டவளும் நான்தான்.

திங்கட்கிழமை வேணுஜா தகப்பனுக்கு முன்னால் வந்து நின்று, "எனக்கு ஒரு வேலைச் சான்றிதழ் வேணும், அப்பா. நான் வேற இடத்துக்குப் போறன்" என்றாள். எங்கள் தொழிலின் ஜெர்மன் கடிதம் எல்லாவற்றையும் அவள்தான் தட்டச்சுச் செய்வது. இவருக்கு ஜெர்மன் பேச வரும், எழுத வராது. "என்னத்தை எழுதுறது?" என்று இவர் அறைக்குள்ளிருந்து என்னைக் கேட்டார். அப்போது லண்டனில் இருந்து ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. "ஒப்பந்தத்திலை உள்ள மாதிரியே எழுதுங்கோ" என்றேன். அலுவலகத்தில் உதவியாக இருந்தார், நேரத்துக்கு வருவார், மரியாதையானவர் என்று அவளே தட்டினாள். இவர் கையெழுத்து வைத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு போகும்போது முகத்தில் கோபம்கூட இல்லை. அடுத்த மாதம் பக்கத்து நகரமான பொஹுமில் ஒரு ஜெர்மன்காரனிடம் வேலைக்குச் சேர்ந்தாள், அங்கேயே வீடும் எடுத்துவிட்டாள். லண்டன் சம்பந்தமும் வேறு காரணத்தால் நின்றுபோனது.

இப்போது கடிதம் வந்த பிறகு அபிஷன் கண்ட இடமெல்லாம் மைஸ்டர் தேடினான். இருக்கிற மைஸ்டர்மாருக்கு வருடம் முழுக்க வேலை நிரம்பியிருந்தது. ஓய்வுபெற்ற ஒரு கிழவர், பெயரை மட்டும் தருகிறேன், வேலைக்கு வரமாட்டேன் என்றார். பிடிபட்டால் குடி முழுகிவிடும் என்று அபிஷன் அதை விட்டான். முதல் கிழமை போனது. இரண்டாவதும் போனது. அல்பேர்ட் பதினாறு வருடமாக எங்களோடு வேலை செய்பவன். ஒரு நாள் வானைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "அக்கா, நான் வேற இடம் பாக்கிறதோ? மறைக்காமல் சொல்லுங்கோ" என்று கேட்டான். தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன். அவன் வேண்டாம் என்று போய்விட்டான். இவர் சாப்பாட்டுத் தட்டைத் தொடுவதையே விட்டுவிட்டார். மனிசன் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார், நான் போட்ட சத்தத்துக்குத் திருப்பிச் சத்தம் போட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

மூன்றாவது கிழமை திங்கட்கிழமை காம்மரில் போய்ச் சந்திக்க டெர்மின் கிடைத்தது. நான், இவர், அபிஷன் மூவரும் போனோம். லின்டமான் என்ற பெண்மணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

திரும்ப அப்பாவின் பெயருக்கு மாற்றிவிடலாமா என்று அபிஷன் கேட்டான். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அது பழைய உரிமை, அதை அப்பாவே எழுதிக் கொடுத்து விட்டுவிட்டார், போனது போனதுதான் என்றார். பிறகு, ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார். கெசெல்லன் பத்திரம் எடுத்து ஆறு வருடம் வேலை செய்த ஒருவர், அதில் நாலு வருடம் பொறுப்பாக நின்று வேலையை நடத்தியிருந்தால், மைஸ்டர் இல்லாமலே அவருக்கு அனுமதி கொடுக்கலாம்.

"என் மகள்! என் மகளிடம் இருக்கிறது!" என்று என் உடைந்த ஜெர்மனில் கத்தியே விட்டேன்.

லின்டமான் சிரித்தார், நல்லது, பத்திரங்களைக் காட்டுங்கள் என்றார். அபிஷன் வேணுஜாவின் கோப்பைத் திறந்தான். ஒப்பந்தத்தைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இதில் அலுவலக உதவி என்றல்லவா இருக்கிறது? இரண்டிலும்? இதில் கையெழுத்து உங்களுடையதுதானே?" என்று இவரைக் கேட்டார்.

இவர் தலையைக் குனிந்தார். நான் ஏழு கடல் தாண்டி ஒளித்த பெட்டை, ஒளித்தபடியே இருந்தாள். தேடி எடுக்க எங்களிடமே ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

லின்டமான் கோப்பை மூடி வைத்தார். மகளே வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றார். வேலை செய்தவர்களின் வாக்குமூலம் வேண்டும். இந்தச் சான்றிதழ் உண்மையில்லை என்று முன்னாள் உரிமையாளர் எழுதித் தர வேண்டும். பொய்ச் சான்றிதழ் கொடுத்ததற்கு அவர் பதில் சொல்ல வேண்டியும் வரலாம். அன்ட்றாக் என்ற முழு விண்ணப்பமும் வியாழக்கிழமை மேசையில் இருந்தால், முடிவு வரும்வரை நகரசபைக்கு எழுதாமல் வைத்திருப்பேன், வேலை நடக்கட்டும் என்றார். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை எழுதுவேன் என்றார்.

வேணுஜா என் தொலைபேசியை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ரயிலேறிப் பொஹுமுக்குப் போனேன். புதுக் கட்டடம், படியெல்லாம் தூசி. இரண்டாவது மாடியில் ஒரு குளியலறைக்குள் அவள் முழங்காலில் நின்று மட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலையுடன் ஒரு ஜெர்மன்காரர், அவளுடைய முதலாளி, வாசலில் நின்று, இந்த மூலையை எப்படி முடிப்பது என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நிமிராமலே சொன்னாள். அவர் சரி என்று போனார். என் மகள் வேலை செய்வதை வானுக்குள்ளிருந்து அல்லாமல் நேரில் நான் பார்த்தது அன்றுதான். வெட்கமாக இருந்தது, அவளை நினைத்து அல்ல.

"இஞ்சை ஏன் வந்தனீங்கள்?" என்றாள்.

"உன்னைப் பாக்க."

"பொய் சொல்லாதேங்கோ. அண்ணா எல்லாம் எழுதினவர்."

நான் நிலத்தில் அடுக்கியிருந்த சீமெந்துப் பையின் மேல் இருந்தேன். "நீ வராட்டி எல்லாம் போச்சு, வேணு. அல்பேர்ட்டுக்கு வேலை போகும். அப்பா சாப்பிடுறார் இல்லை..."

"அப்பாவைச் சொல்லி என்னைக் கூப்பிடாதேங்கோ."

"சரி. என்னைச் சொல்லுறன். நான்தான் உன்னை மறைச்சனான். எனக்கு வெக்கமா இருந்தது."

"இப்ப?"

"இப்ப பயமா இருக்கு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "முதல்தரம் உண்மை சொல்லுறியள்" என்றாள். கையைத் துணியில் துடைத்தாள். "வியாழக்கிழமை வாறன். என்ரை பத்திரத்தைக் கொண்டு வாறன். ஆனா அந்தச் சான்றிதழ் பொய்யெண்ட கடிதத்தை நான் எழுதமாட்டன். அண்ணாவும் எழுதக் கூடாது. அப்பா தன்ரை கையாலை எழுதவேணும். அங்கை வைச்சு. நான் கையெழுத்து வைக்கிறதோ இல்லையோ, அதைப் பாத்திட்டுச் சொல்லுறன்."

"அப்பாவுக்கு ஜெர்மன் எழுத ஏலாதே, பிள்ளை."

"பேச ஏலுந்தானே. பேசுற மாதிரி எழுதட்டும்."

அதற்கு மேல் அவளிடம் கெஞ்சினால் வாறதும் வராமல் போய்விடும் என்று எனக்குப் புரிந்தது. எழும்பி வந்துவிட்டேன். ரயிலில் யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

வியாழக்கிழமை ஐந்து பேர் லின்டமானின் அறையில் இருந்தோம். அல்பேர்ட் முதலில் தன் வாக்குமூலத்தைச் சொன்னான். எந்தக் கட்டடம், எந்த வருடம், வேணுஜா என்ன சொன்னாள், இவர் என்ன செய்தார் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, லின்டமான் எழுதிக்கொண்டே போனார். முடிவில் அவன் என் பக்கம் திரும்பித் தமிழில், "வேணு சொல்லாமல் நாங்கள் ஒரு கல்லும் வைக்கேல்லை, அக்கா. உங்களுக்கும் தெரியுந்தானே" என்றான். தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

அனுமதி கிடைத்தால் தொழில் யாருடைய பெயரில் நடக்கும் என்று லின்டமான் கேட்டார். அபிஷன்தான் சொன்னான்.

"இவளுடைய பெயரில். நான் வேலை பிடித்துக் கொடுப்பேன், இவள் சம்மதித்தால்."

ஏழு மாதத்துக்கு முன்பு ராகு காலத்துக்குப் பயந்து ஓடி ஓடி வாங்கிக்கொடுத்ததை, அவன் இரண்டு வரியில் விட்டுவிட்டான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அவன் வேணுஜாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லின்டமான் ஒரு வெள்ளைத் தாளை இவர் முன் வைத்தார். இவருடைய விரல்கள் சீமெந்தில் வெடித்த விரல்கள், பேனையைப் பிடித்தால் உளியைப் பிடித்த மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவர் முகத்தை அப்படி வெளிறிப்போய் நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக மெதுவாக வாய்விட்டுச் சொல்லி எழுதினார். 'என் மகள் வேணுஜா வேலைத்தளத்தில் பொறுப்பாளர். நான் அவள் சொன்னதைச் செய்தேன். ஒஃபிஸ் என்று எழுதினது பொய்.' பிழைகள் எத்தனை இருந்தனவோ, யாரும் திருத்தவில்லை. கடைசியில் ஏன் பொய் எழுதினீர்கள் என்றும் குறிப்பிடுங்கள் என்றார் லின்டமான். இவர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார். என்னைக் காட்டிக்கொடுக்க அந்த மனிசனுக்கு மனம் வரவில்லை.

"நான் சொன்னேன்" என்றேன் ஜெர்மனில். "கலியாணத்துக்காக. நான் சொல்லித்தான் எழுதினார்."

லின்டமான் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, அதையும் எழுதுங்கள் என்றார். இவர் எழுதினார்.

பிறகு காலம். மகள் எவ்வளவு காலம் பொறுப்பாக நின்றாள் என்ற இடத்தில் இவர் தயங்கவே இல்லை. 'நாலு வருடம்' என்று எழுதிக் கையெழுத்து வைக்கப் போனார். திங்கட்கிழமையிலிருந்து அந்த எண்ணைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு திரிந்தார். சட்டம் நாலு கேட்டது, அவர் நாலு கொடுத்தார்.

வேணுஜா தாளைத் தன் பக்கம் இழுத்து முழுவதும் வாசித்தாள். அன்ட்றாக் அவளுக்கு முன்னால் கையெழுத்து இல்லாமல் கிடந்தது.

"நாலு இல்லை, அப்பா."

"நாலு போதும், வேணு" என்றான் அபிஷன் அவசரமாக. "அவை நாலுதான் கேக்கினம்."

"அவை கேப்பினம். நான் நாலு வருசமோ வேலை செய்தனான்?"

இவருக்கு விளங்கவில்லை. என்ன பிழை விட்டேன் என்று பயந்துபோய், மகளையும் லின்டமானையும் மாறிமாறிப் பார்த்தார். மணிக்கூடு மூன்றே முக்கால், நாலு மணிக்கு அந்த அறையைப் பூட்டுவார்கள். அல்பேர்ட் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டுக் குளியலறைகளும், மாமாவும், இவரும், பிள்ளைகளும் முழங்கால் தேய்ந்த இத்தனை வருடமும் அந்த ஒரு தாளில் வந்து நிற்க, இவள் கையெழுத்து வைக்காமல் எழும்பிப் போய்விடுவாள் என்றே நான் நினைத்தேன். போனாலும் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அவள் சோதனை பாஸ் பண்ணி வந்த வருடத்திலிருந்து நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வருடத்தையும் எப்படி ஒளித்தேன் என்று எனக்கு ஞாபகம் இருந்தது, அதனால் கணக்குப் பிழைக்கவில்லை.

"இஞ்சருங்கோ" என்றேன். "பதினொண்டு. பதினொண்டு எண்டு எழுதுங்கோ."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். நாலை வெட்டினார், பக்கத்தில் பதினொன்று என்று எழுதினார், கீழே கையெழுத்து வைத்தார். வேணுஜா அதைத் திரும்ப ஒருமுறை வாசித்தாள். அதற்குப் பிறகுதான் தகப்பனின் கையிலிருந்து பேனையை வாங்கினாள்.